மீனுக்கு ஒரு சாகர்

விருத்தாசலம்னாலே எனக்குச் சூளைதான் ஞாபகம் வரும். அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டைன்னு நம்ம ஊர் பீங்கான் எல்லாம் சூளையில வெந்து வர்றதுதான். பீங்கான் தொழில்ல சாகர்னு ஒரு மண்பெட்டி உண்டு. தீயும் சாம்பலும் பட்டா சாமான்ல கறை விழுந்துடும், அதனால அதுக்குள்ள வச்சு சுடுவாங்க. சூடு உள்ள போகும், தீ போகாது.

வாழை இலையில மீனை மடிச்சு வேக வைக்கிறதும் இதே வேலைதாங்க. கேரளாவுல மீன் பொள்ளிச்சது, வங்காளத்துல பாத்துரி, பார்சி வீட்டுல பத்ரா நி மச்சி. பிரெஞ்சுக்காரங்க காகிதத்துல மடிப்பாங்க.

ஒரு வித்தியாசம் இருக்கு. இங்க பொட்டலத்துக்குள்ள ஈரம். மீன்லயும் தக்காளியிலயும் இருக்கிற தண்ணி ஆவியாகி உள்ளயே சுத்தும். அந்த ஈரம் இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மீன் சதைக்கு 60, 65 டிகிரியே போதும். அதான் வறண்டு போகாம, பூ மாதிரி உதிருது.

இலையை அடுப்புத் தீயில லேசா வாட்டுங்க. மங்கலா இருக்கிற பச்சை சட்டுனு பளபளன்னு மாறும் பாருங்க, அதுதான் பதம். வாட்டாத இலை மடிச்ச இடத்துல கிழியும், ஆவி முழுக்க வெளிய போயிடும்.

காய்லதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. மீன் வெந்துடும், கேரட் நறுக்குனு நிக்கும். கேரட், பீன்ஸை முக்கால் வேக்காடு வேக வச்சுக்கங்க. அடியில காய், மேல மசாலா தடவின வஞ்சிரம், அதுக்கு மேல தக்காளி, கறிவேப்பிலை. நாலு பக்கமும் மடிச்சு வாழை நாரால கட்டி, தோசைக்கல்லுல மிதமான தீயில பக்கத்துக்கு ஏழு நிமிஷம்.

ஓவன் வச்சிருக்கிறவங்க காகிதத்துல செய்யலாம், 200 டிகிரியில பதினஞ்சு நிமிஷம். ஆனா கடையில பட்டர் பேப்பர்னு கேட்டா எதையாவது கொடுப்பாங்க. மெழுகு பூசின தாளா இருந்தா உருகி மீன்ல ஒட்டிடும், தயவுசெஞ்சு வேண்டாம். சிலிகோன் பூச்சு இருக்கிற பேக்கிங் பேப்பர், எத்தனை டிகிரி தாங்கும்னு அட்டையிலயே போட்டிருக்கும், பார்த்து வாங்குங்க. அதையும் தோசைக்கல்லுல வைக்காதீங்க, பத்திக்கும்.

பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வச்சுக்கங்க, ஆவி குப்புனு அடிக்கும். அடியில நாலு ஸ்பூன் சாறு தேங்கியிருக்கும், அதைச் சூடான சோத்துல ஊத்திப் பிசைங்க.