புதையல் காட்டுமாம் கம்பி!

புதுக்கோட்டை ஜில்லா ஆலங்குடிப் பக்கத்தில் கருக்காகுறிச்சி என்று ஒரு கிராமம். 1898-ல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து 501 ரோமாபுரிப் பொற்காசுகள் கிடைத்தன. கட்டுக்கதை அல்ல, பிரிட்டிஷ் மியூஸியத்து ஹில் துரை அந்த வருஷமே அவற்றைப் பற்றி எழுதினார். பல காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்திலேயே வெட்டு! எந்தப் புண்ணியவானின் வேலையோ!

இந்த மாதிரி வாஸ்தவமான சங்கதிகள்தான் புதையல் கருவி விற்கிற பேர்வழிக்கு முதல். "உங்கள் கொல்லையிலும் ஒரு குடம் இருக்கிறது, அம்மா" என்கிறான். இல்லையென்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா? ஒரு கைப்பிடி, அதில் சுழலும் ஒரு கம்பி. தங்கம் இருக்கும் பக்கம் அது தானே திரும்புமாம். விலைக்கு உங்கள் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகவேண்டும். காணாத தங்கத்துக்காகக் கண்ட தங்கம்!

கம்பி திரும்புவது பொய்யில்லை. மணிக்கட்டு ஒரு நூல் சாய்ந்தால் போதும், திரும்பிவிடும். சாய்த்தவருக்கே அது தெரியாது. அதனால்தான் தைரியமாக உங்கள் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்கிறான்.

இதே கம்பியை வைத்து ராஜாங்கங்களையே ஏமாற்றியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஜேம்ஸ் மக்கார்மிக் என்ற ஆசாமி, கோல்ஃப் பந்து தேடுவதற்கென்று சுமார் 20 டாலருக்கு விற்ற சாமானுக்கு வேறு பெயர் ஒட்டி வியாபாரத்தைத் தொடங்கினார். பிறகு அதே ரகக் கருவிகளை, வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி இராக்குக்கு விற்றார். 2008-ல் அமெரிக்க மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, "நிரூபியுங்கள், 10 லட்சம் டாலர் தருகிறேன்" என்று கூப்பிட்டார். யாரும் வந்து நிரூபிக்கவில்லை. 2013-ல் லண்டன் கோர்ட்டு மக்கார்மிக்குக்கு 10 வருஷம் சிறை விதித்தது. அதற்குள் பாக்தாத் சாவடிகளில் அந்தக் கம்பியை நம்பி எத்தனை வண்டிகளை உள்ளே விட்டார்களோ!

நம் பக்கத்து இலங்கையில் 1963-லேயே டாக்டர் ஆபிரகாம் கோவூர் லட்ச ரூபாய்ப் பந்தயம் கட்டியிருந்தார். யாழ்ப்பாணத்தில் தாவர சாஸ்திரம் போதித்தவர் அவர். அதிசய சக்தியால் ஒளித்து வைத்த பொருளைக் கண்டுபிடிப்பதும் அவருடைய பட்டியலில் உண்டு. 1978-ல் அவர் காலமாகும் வரை அந்த லட்சம் பத்திரமாகவே இருந்தது.

உங்களுக்கு லட்சம் வேண்டாம். பத்துக் கொட்டாங்கச்சிகள் போதும். கவிழ்த்து வைத்து, ஒன்றின் கீழ் உங்கள் மோதிரத்தை வையுங்கள். வைத்தவர் அவன் கண்ணில் படக்கூடாது. முகம் காட்டிக் கொடுத்துவிடும். இடம் மாற்றிப் பத்துத் தடவை. (மோதிரம் திரும்பி வந்ததா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ளுங்கள்!) குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒரு தடவை சரியாக வரலாம். ஏழு தடவை வருவது லட்சத்தில் ஒன்று.

"யாரிடமும் மூச்சு விடாதீர்கள்" என்பான். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் தண்டனை. ஏமாந்தவர்கள் போலீஸுக்குப் போகாததன் ரகசியம் புரிகிறதா?

சோதனை என்றதும், "இன்று அமாவாசை இல்லையே" என்று இழுப்பான். அமாவாசையன்றே வரச் சொல்லுங்கள். கொட்டாங்கச்சிகள் எங்கும் போய்விடாது.