எலும்புக்கு ஒட்டுப் போடும் பீங்கான்!

"டாக்டர், என் பையன் காலிலே பீங்கான் வைக்கப் போறாங்களாம்! அதுக்குப் பதிலா நீங்களே ஏதாவது பற்பம் குடுத்து எலும்பை வளர வைக்க முடியாதா?"

குரோம்பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டது இது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக் சறுக்கி விழுந்த பையன். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, நடுவே இடைவெளி விழுந்துவிட்டது.

"முடியாதும்மா" என்றேன். சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா என்கிறீர்களா? உள்ளே சாப்பிடும் பற்பம் நேராகப் போய் அந்தப் பள்ளத்தை அடைத்துக்கொள்ளாதே!

இந்தப் பீங்கான் காபி கோப்பை பீங்கான் இல்லை. நம் எலும்பின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்புதான். அதன் சுத்த வடிவத்துக்கு 'ஹைட்ராக்ஸி அபடைட்' என்று பெயர். அதையே செயற்கையாகச் செய்து, சூளை வைத்து, துளைகளோடு எடுக்கிறார்கள். பந்தலில் அவரைக்கொடி படர்கிற மாதிரி, புது எலும்பு இதன்மேல் படரும்.

பிறகு என்ன குறை? அது ரொம்பச் சுத்தமாக இருப்பதுதான் குறை! நம் எலும்பு அப்படி இல்லை. கார்பனேட், மக்னீசியம், சோடியம், துளி துத்தநாகம் என்று பலதும் கலந்தது. சுத்தமான பீங்கான் லேசில் கரையாது. வருஷக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் விஞ்ஞானிகள் வேண்டுமென்றே 'கலப்படம்' செய்கிறார்கள். கார்பனேட் சேர்ந்தால் கரைவது கூடும். கால்சியம் இருக்கும் இடத்தில் ஸ்ட்ரான்ஷியம் வந்து உட்கார்ந்தால், எலும்பு கட்டும் செல்களுக்குத் தூண்டுதல். வெள்ளி கொஞ்சம் சேர்ந்தால் கிருமிக்குத் தடை.

ஆனால் அளவு முக்கியம். துத்தநாகமோ வெள்ளியோ கூடினால், அந்தச் செல்களையே கொன்றுவிடும். ஸ்ட்ரான்ஷியம் ரானலேட் தண்ணீரில் கலந்து குடிக்கும் மருந்தாகவே கொடுக்கப்பட்டது. இதயக் கோளாறு பயத்தால் 2014-ல் ஐரோப்பாவில் கட்டுப்பாடு வந்தது. அவ்வளவு தூரம் ஏன், தர்மபுரி பக்கம் பாருங்கள். கிணற்று நீரின் ஃப்ளோரைடு எலும்புக்குள் தானாகவே புகுந்துகொள்கிறது. துளியளவில் பல்லைக் காக்கும் அதே பொருள், மிஞ்சினால் மூட்டுகளை இறுக்கிவிடுகிறது.

நாங்கள் அண்டவோட்டுப் பற்பம் செய்கிற அதே முட்டை ஓட்டிலிருந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சம்பத்குமார் குழுவினர் பாஸ்பேட் சேர்த்து, மைக்ரோவேவ் உதவியோடு ஹைட்ராக்ஸி அபடைட் தயாரித்து 2007-ல் வெளியிட்டார்கள். படித்தபோது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்!

ஒன்று சொல்ல வேண்டும். இது எளிதில் உடையும். தனியாக உடம்பின் பாரத்தைத் தாங்காது. பிளேட், ஸ்க்ரூ கட்டாயம். நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைப்பதுதான் இன்றும் முதல் தேர்வு. அது போதாதபோது பீங்கான் கைகொடுக்கும். எதை வைக்கிறார்கள், எத்தனை நாளில் கரையும் என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள். பையன் சிகரெட் பிடிப்பவனாக இருந்தால் இன்றே நிறுத்தட்டும். எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும்.

அந்த அம்மா கடைசியாகக் கேட்டார், "அப்போ பிரண்டைத் துவையல்?"

"தாராளமா குடுங்க. நார் எடுத்து, நல்லா வதக்கி அரைங்க. இல்லேன்னா நாக்கு அரிக்கும்!"