பரணில் பிறந்த ஸ்டூடியோ

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் மாடி அறைச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிப் பாட்டுப் பதிவு செய்யும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். இவர்களுக்கு வேல்ஸ் நாட்டில் இரண்டு முன்னோடிகள் உண்டு. மான்மத் ஊருக்குப் பக்கத்தில் ராக்ஃபீல்ட் பால்பண்ணை நடத்திய சார்ல்ஸ் வார்டும் கிங்ஸ்லி வார்டும்தான் அவர்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், வீட்டுப் பரணில் தீவனச் சாக்குகளை அடைத்துப் பாட்டுப் பதிய ஆரம்பித்தார்கள். 1965 முதல் இசைக்குழுக்கள் அங்கேயே தங்கிச் சாப்பிடவும் வழி செய்தார்கள். தங்கிப் பாடும் ஸ்டூடியோ உலகிலேயே அதுதான் முதல் என்பார்கள். பாட்டு ஒரு பக்கம், பால் கறப்பது இன்னொரு பக்கம்.

மைக்கும் டேப்பும் லண்டனிலும் கிடைக்கும். பண்ணையில் கூடுதலாகக் கிடைத்தது நேரம். அதன் அருமை நம்மூர் வாத்தியக்காரர்களுக்குத் தெரியும். கால்ஷீட் முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த நெருக்கடியிலும் அபாரமான பாட்டுகள் வந்தன என்பது வேறு விஷயம். கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் வீட்டுப் பின்புறத்திலேயே 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' அமைத்ததும் கடிகாரம் அவர் கைக்கு வந்தது. ராத்திரி முழுக்க வேலை. 1992-இல் வந்த 'ரோஜா' பாடல்கள் அங்கே உருவானவைதான். 'இன்' என்றால் சத்திரம். பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்.

ஆனால் வெளிச்சத்தம் பதிவில் விழாமலிருக்க ராத்திரி மட்டும் போதாது. அறைக்குள் அறை கட்ட வேண்டும். உள்ளறையின் தரை ரப்பர்மேல் உட்காரும். இரண்டு சுவர்களுக்கும் நடுவே காற்றிடைவெளி விடுவார்கள். எதிரெதிர்ச் சுவர்களைச் சற்றுக் கோணலாக வைப்பார்கள். இல்லாவிட்டால் குரல் ரப்பர் பந்துபோல் மாறி மாறி மோதிக்கொண்டிருக்கும். கதவும் இரண்டு. இரண்டாவதைச் சாத்தினதும் காது அடைத்த மாதிரி இருக்கும். நம் மூச்சே நமக்குக் கேட்கும்.

முட்டை அட்டைக்கு இந்தச் சக்தி கிடையாது. எதிரொலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும். தொழிற்பேட்டைப் பவர் பிரஸ்ஸின் 'தொம்' என்ற அடியும் அரக்கோணம் லோக்கலின் அதிர்வும் தரை வழியாகவே ஏறி வந்துவிடும்.

ஆகவே அட்டைக்குச் செலவழிக்கும் முன் கதவிடுக்கை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். பக்கத்துப் பட்டறையில் கடைசி ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது என்றும் விசாரித்து வையுங்கள்.