சார்ஜிங் இடத்தில் சும்மா நிறுத்தினால் 160 பவுண்டு... லண்டன் பார்க்கிங் அபராதம் எப்படி வேலை செய்கிறது?

பேட்டரி 6 சதவீதம். ஆப்பைப் பார்த்துப் பார்த்து, சார்ஜிங் பாயின்ட் இருக்கும் தெருவுக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தால், அந்த இடத்தில் ஒரு டீசல் வேன் ஹாயாக நிற்கிறது. டிரைவரைக் காணோம். பிரிட்டனில் மின்வாகனம் ஓட்டும் பலரிடம் இப்படி ஒரு கதை இருக்கும்.

இதற்கு அங்கே ‘ஐசிங்’ என்று பெயர். பெட்ரோல், டீசல் இன்ஜினைக் குறிக்கும் ‘இன்டர்னல் கம்பஷன் இன்ஜின்’ என்பதன் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ‘ஐஸ்’. நம்ம ஊரில் ஐஸ் வைத்தால் எதிரில் இருப்பவர் உருகுவார். அங்கே கடுப்பாவார்.

படிப்புக்கோ வேலைக்கோ லண்டன் போய், கார் ஓட்டத் தொடங்கும் நம்மவர்களுக்கு அங்குள்ள பார்க்கிங் விதிகள் முதலில் தலை சுற்ற வைக்கும். அதில் அதிகம் சறுக்குவது, ‘குறிப்பிட்ட வாகனங்களுக்கு மட்டும்’ என ஒதுக்கிய இடங்களில்தான்.

இ.வி. ஓட்டினால் மட்டும் போதுமா?

போதாது. பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான்.

இங்கிலாந்தில் தெரு பார்க்கிங்கைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் போலீஸ் அல்ல, உள்ளூர் கவுன்சில். 2004-ம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டப்படி கவுன்சில் ஊழியர்கள் கொடுப்பதுதான் ‘பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்’, சுருக்கமாக பி.சி.என். ஒவ்வொரு விதிமீறலுக்கும் ஒரு எண் உண்டு. சார்ஜிங் இடத்துக்கான எண் 14. அது சொல்வது இவ்வளவுதான்: மின்வாகன சார்ஜிங் இடத்தில், கட்டுப்பாடு அமலில் உள்ள நேரத்தில், சார்ஜ் செய்யாமல் நிறுத்துவது.

‘பெட்ரோல் கார்’ என்ற வார்த்தையே அதில் இல்லை, கவனிச்சீங்களா? வண்டி எதில் ஓடுகிறது என்பது கேள்வி அல்ல, இப்போது சார்ஜ் ஆகிறதா என்பதுதான் கேள்வி. கேபிளைச் சொருகாமல் நிறுத்திவிட்டு சினிமாவுக்குப் போனால், புகையே விடாத புத்தம்புது எலெக்ட்ரிக் காருக்கும் நோட்டீஸ் விழும். 2020 டிசம்பர் முதல் புகை வெளியேற்றாத வாகனங்களின் நம்பர் பிளேட்டில் பச்சைப் பட்டை போட்டுக்கொள்ளலாம். அந்தப் பட்டையும் இங்கே காப்பாற்றாது. கவுன்சில் நடத்தும் கார் பார்க்கிங்கிலும் இதே விதிதான், எண் மட்டும் 71 என மாறும்.

எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. அந்த இடத்தை ஒதுக்கியது இ.வி. வாங்கியதற்குப் பரிசாக அல்ல. வண்டியில் சார்ஜ் ஏற்ற. சார்ஜ் முடிந்தும் மணிக்கணக்கில் நிற்கும் ஒரு இ.வி., பின்னால் வருபவருக்கு அந்த டீசல் வேனைவிட எந்த வகையில் மேல்? டெஸ்லா 2016-லேயே தன் சூப்பர்சார்ஜர்களில், சார்ஜ் முடிந்தும் நகராத வண்டிகளுக்குக் கூடுதல் கட்டணம் போடத் தொடங்கியது இதனால்தான்.

பைக் இடத்தில் கார்

லண்டன் தெருக்களில் ‘சோலோ மோட்டார்சைக்கிள்’ என்று எழுதிய இடங்களைப் பார்க்கலாம். அங்கே காரை நிறுத்தினால் எண் 23, அதாவது ‘அந்த வகை வாகனத்துக்கு ஒதுக்காத இடத்தில் நிறுத்துவது’. ‘சோலோ’ என்பதற்கும் அர்த்தம் உண்டு: சைடுகார் வைத்த பைக்குக்கு அங்கே இடமில்லை. எலெக்ட்ரிக் கார் என்பதாலும் சலுகை இல்லை.

“அஞ்சு நிமிஷம்தானே” என்று ஒரு கார் நுழைந்தால் மூன்று, நான்கு பைக்குகளின் இடம் காலி. டெலிவரி வேலை பார்ப்பவருக்கு அந்த ஐந்து நிமிடம் ஓர் ஆர்டர்.

எவ்வளவு கட்ட வேண்டும்?

மேலே சொன்ன எல்லாமே ‘உயர்நிலை’ விதிமீறல்கள். 2025 ஏப்ரல் முதல் லண்டனில் ‘ஏ’ பகுதிகளில் இதற்கு 160 பவுண்டு, ‘பி’ பகுதிகளில் 140 பவுண்டு. அதற்கு முன் 130, 110 ஆக இருந்தது. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் பொதுவாக 70 பவுண்டு. 14 நாட்களுக்குள் கட்டினால் பாதிதான்.

தப்பு நம் மேல் இல்லை என்றால் என்ன செய்வது? அந்த 14 நாட்களுக்குள்ளேயே கவுன்சிலுக்கு எழுதுங்கள். அவர்கள் மறுத்தாலும் பாதிக் கட்டண வாய்ப்பை வழக்கமாக மறுபடியும் தருவார்கள். கேபிளைச் சொருகியும் சார்ஜர் வேலை செய்யவில்லை என்பது உங்கள் வாதமென்றால், இயந்திரத்தின் திரையையும் ஆப்பில் வந்த எரர் செய்தியையும் அங்கேயே படம் எடுத்து வையுங்கள். கடைசிவரை போராட நினைத்தால் ‘லண்டன் ட்ரிப்யூனல்ஸ்’ என்ற தீர்ப்பாயம் இருக்கிறது, அங்கே மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. ஆனால், அங்கே தோற்றால் முழுத்தொகை.

பழைய முகவரிக்குப் போகும் கடிதம்

உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

28 நாட்களில் கட்டாவிட்டால், வண்டியின் பதிவு முகவரிக்கு ‘நோட்டீஸ் டு ஓனர்’ போகும். அதற்கும் பதில் இல்லையென்றால் தொகை 50 சதவீதம் ஏறும். 160 என்பது 240 ஆகிவிடும். அடுத்து கோர்ட்டில் கடனாகப் பதிவாகி, வசூல் ஏஜென்ட்டின் கைக்குப் போகும். அவரது கட்டணமும் நம் தலையில்தான்.

லண்டனில் புதிதாகக் குடியேறியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு ரூம் மாறுவது சகஜம். பேங்கில் முகவரியை மாற்றுவோம், ஆபீஸில் மாற்றுவோம், காரின் பதிவுப் புத்தகத்தில் மாற்ற மறந்துவிடுவோம். அப்புறம் கடிதமெல்லாம் பழைய வீட்டில் யாரோ ஒருவரின் கதவுக்குப் பின்னால் குவியும். நமக்கு விஷயம் தெரியும்போது காரின் சக்கரத்தில் பூட்டு தொங்கும். (முகவரியை மாற்றாததற்கே 1,000 பவுண்டு வரை தனி அபராதம் உண்டு.) கடிதம் வரவே இல்லை என்றால் டி.இ.9 என்ற படிவத்தில் அதை எழுதித் தரலாம். கெடு தாண்டிவிட்டால் டி.இ.7 படிவமும் சேர்ந்து போக வேண்டும். அதில் பொய் சொல்வது குற்றம்.

வாடகைக் கார் என்றால் நோட்டீஸ் கம்பெனிக்குப் போகும். அவர்கள் தங்கள் நிர்வாகக் கட்டணத்தையும் சேர்த்து உங்களிடம் கேட்பார்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் வருவதும் பி.சி.என்-தான், ஆனால் வேறு!

கடை, மால் போன்ற தனியார் இடங்களில் ஒட்டப்படுவது ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்’. சுருக்கினால் அதுவும் பி.சி.என்! இது அரசு அபராதம் இல்லை. போர்டில் எழுதிய நிபந்தனையை நீங்கள் மீறியதாகச் சொல்லி நிறுவனம் கேட்கும் பணம். பொதுவாக 100 பவுண்டு வரை.

“அரசாங்கம் அனுப்பலையே, கிழிச்சுப் போடு” என்ற அட்வைஸ் வாட்ஸ்அப்பில் நிச்சயம் வரும். கேட்காதீர்கள். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடை வளாகத்தில் இலவச நேரமான இரண்டு மணி நேரத்தைத் தாண்டி நிறுத்திய ஒருவருக்குப் போட்ட 85 பவுண்டு கட்டணம் செல்லும் என்று 2015-ல் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. நிறுவனம் கோர்ட்டுக்குப் போய் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கி, அதை ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், ஆறு ஆண்டுகள் உங்கள் கிரெடிட் பதிவில் நிற்கும். வீட்டுக்கடன் கேட்கும்போது தெரியும் அதன் வலி.

ஒரு ஆறுதல்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் இடத்தில் நிறுத்திய காரின் சக்கரத்தைப் பார்க்கிங் நிறுவனங்கள் பூட்டுவதற்கு 2012 அக்டோபர் முதல் தடை.

விளக்குக் கம்பம் இருந்தால் சார்ஜிங் இடமா?

லண்டனில் பல தெருவிளக்குக் கம்பங்களிலேயே சார்ஜிங் பாயின்ட் இருக்கும். ஆனால், அந்தக் கம்பத்தின் கீழே உள்ள இடம் பல தெருக்களில் யாருக்கும் ஒதுக்கப்பட்டதல்ல. அங்கே பெட்ரோல் கார் நின்றால் எரிச்சல் வரலாம், நோட்டீஸ் வராது. போர்டும், அதற்குப் பின்னால் கவுன்சிலின் முறையான உத்தரவும் இருந்தால்தான் எண் 14 உயிர் பெறும். இறங்கியதும் கம்பத்தைப் பார்க்காமல் போர்டைப் பாருங்கள்.

ஜெர்மனியில் சார்ஜிங் இடத்தில் அனுமதியின்றி நிறுத்தினால் 2021 நவம்பர் முதல் 55 யூரோ, வண்டியை இழுத்துப் போகவும் வாய்ப்புண்டு.

நம்ம ஊர்ல?

மோட்டார் வாகனச் சட்டத்தில் சார்ஜிங் இடத்தை அடைப்பதற்கு என்று தனித் தண்டனைப் பிரிவு இல்லை. பொதுவான 177-வது பிரிவுதான்: முதல் முறை ரூ.500 வரை, அடுத்த முறை ரூ.1,500 வரை. இன்னொரு பக்கம், மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019-ல் வந்த திருத்தம், பார்க்கிங் கொள்ளளவில் 20 சதவீதத்துக்கு மின்வாகன வசதி வேண்டும் என்கிறது. இடம் ஒதுக்கச் சொல்லியாகிவிட்டது. அங்கே வேறு வண்டி நின்றால் என்ன என்பதை இப்போதைக்கு அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்தான் முடிவு செய்துகொண்டிருக்கிறது.