கல்லறையில் 1907, கணக்கெடுப்பில் 1905: மௌனப்பட நடிகை கிளாரா போவின் உண்மையான வயதை ஆவணங்கள் காட்டிக்கொடுத்தது எப்படி?

1920-களில் ஹாலிவுட்டின் உச்ச நட்சத்திரம் கிளாரா போ. ஆனா அவர் எந்த வருஷம் பிறந்தார்னு கேட்டா, மூணு பதில் வருது. 1910, 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின்படி 1905. 1930 கணக்கெடுப்பின்படி 1906. அவரது கல்லறையில் பொறித்திருப்பதோ 1907.

கவனிச்சீங்களா? காலம் போகப் போக அவர் வயசு குறைஞ்சுக்கிட்டே வருது!

இதுல எது உண்மை? நூறு வருஷத்துக்கு முந்தைய காகிதங்களை வைத்து ஒரு நடிகையின் குழந்தைப் பருவத்தை எப்படித் தேடிப் பிடிக்கிறாங்க? இரண்டு வருஷ வித்தியாசம் அவ்வளவு முக்கியமா? வாங்க, பார்க்கலாம்.

யார் இந்த கிளாரா போ?

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். 1927-ல் வெளியான 'இட்' படத்துக்குப் பிறகு 'இட் கேர்ள்' என்ற பட்டப்பெயர் கடைசிவரை அவருடன் ஒட்டிக்கொண்டது. அதே வருஷம் அவர் நடித்து வெளிவந்த 'விங்ஸ்', முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கான விருதை வென்றது.

மொத்தம் 46 மௌனப்படங்கள், 11 பேசும்படங்கள். 1933-ல் சினிமாவை விட்டு விலகினார். 1965 செப்டம்பர் 27 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார்.

நட்சத்திரங்கள் சொன்ன கதையை ஏன் அப்படியே நம்ப முடியாது?

காரணம், ஸ்டூடியோக்களின் விளம்பரத் துறை. மௌனப்பட காலத்தில் நடிகைகளுக்குப் பெயரோடு சேர்த்துப் பிறந்த ஊர், பெற்றோர், குழந்தைப் பருவம் எல்லாமே புதுசா தயாரிச்சுக் கொடுத்தாங்க.

இதுக்கு நல்ல உதாரணம் தீடா பாரா. 1915-ல் புகழுக்கு வந்த இவர் எகிப்தின் பாலைவனத்தில் பிறந்தவர்னு விளம்பரம் செய்தாங்க. உண்மையில் அவர் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு யூதத் தையல்காரரின் மகள். இயற்பெயர் தியோடோசியா குட்மேன்.

அதனால்தான் பத்திரிகைப் பேட்டிகளை ஓரமா வைத்துவிட்டு, கணக்கெடுப்புத் தாள், இறப்புப் பதிவு, பள்ளிப் பதிவு, முகவரிப் புத்தகம் என்று தேடுகிறார்கள் ஆய்வாளர்கள். இவை யாரையும் புகழ்வதற்காக எழுதப்பட்டவை அல்ல.

வீட்டு விவரம் எப்படி வெளியே வந்தது?

அமெரிக்காவில் 10 வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்கள் 72 வருஷம் ரகசியமாக இருக்கும். அதுக்கப்புறம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1950 கணக்கெடுப்புத் தாள்கள் 2022 ஏப்ரலில்தான் வெளியாயின.

வீட்டில் யார் யார் இருக்காங்க, என்ன வயசு, பெற்றோர் எங்கே பிறந்தாங்க, என்ன வேலை என்று எல்லாமே அந்தத் தாளில் இருக்கும். அதனால் ஒரு குடும்பத்தைத் தேடுறவங்க முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

சரி, 1905-தான் சரின்னு எப்படிச் சொல்றாங்க?

கணக்கு ரொம்ப எளிது. கிளாராவின் பிறந்தநாள் ஜூலை 29. 1910 கணக்கெடுப்பு, அந்த வருஷம் ஏப்ரல் 15 அன்று இருந்த நிலவரத்தைக் கேட்டது.

1905-ல் பிறந்திருந்தால் அன்று அவருக்கு வயசு 4. 1906 என்றால் 3. கல்லறையில் இருப்பதுபோல் 1907 என்றால் வெறும் 2. இரண்டு வயசுக் குழந்தையை நாலு வயசுன்னு சொல்ல வேண்டிய அவசியம் 1910-ல் யாருக்கும் இல்லை. அவர் நடிகையாவார்னு அப்போ யாருக்குமே தெரியாது.

1930 நிலைமை வேற. அப்போ அவர் உலகம் அறிந்த நட்சத்திரம். வயசு ஒன்று குறைவதால் லாபம் உண்டு.

ஆவணங்களைப் படிக்கும்போது ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகள் மூணு. சம்பவம் நடந்து எவ்வளவு காலத்துக்குள் எழுதினது? தகவல் சொன்னது யார்? பொய் சொல்ல அவருக்குக் காரணம் இருந்ததா? இந்த மூணையும் வைத்துப் பார்த்தால் 1910 தாள்தான் முன்னே நிற்குது. பெரும்பாலான ஆய்வாளர்கள் 1905-ஐ ஏற்பதற்குக் காரணமும் இதுவே.

அப்போ கிளாரா பொய் சொன்னாரா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கணக்கெடுப்பாளருக்கு வீட்டில் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். பதில் சொன்னவர் யாருன்னு தாளில் குறிக்கும் வழக்கமே 1940-ல்தான் வந்தது.

பெயர் இல்லைன்னா ஆளே இல்லையா?

தேடுறவங்க வழக்கமா விழும் குழி இது. நியூயார்க் மாநிலம் 1905-ல் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அது கேட்டது ஜூன் 1 நிலவரம். கிளாரா பிறந்ததோ அதுக்கு 58 நாள் கழித்து. 1905-ல் பிறந்த குழந்தையை 1905 பட்டியலில் தேடினால் கிடைக்காது. அதனால் அந்த வருஷம் அவர் பிறக்கவே இல்லைன்னு முடிவு கட்டினால் தப்பு.

இரண்டு வருஷ வித்தியாசம் ஏன் முக்கியம்?

இங்கேதான் அவரது குடும்பத்தின் கதை வருது.

கிளாராவின் அப்பா ராபர்ட் போ. அம்மா சாரா. கிளாரா அவர்களுக்கு மூன்றாவது குழந்தை. 1903-லும் 1904-லும் பிறந்த இரண்டு அக்காக்களும் கைக்குழந்தைகளாகவே இறந்துவிட்டார்கள். இனி கர்ப்பம் வேண்டாம், அடுத்த குழந்தையும் தங்காமல் போகலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆனால் 1904 கடைசியிலேயே சாரா மறுபடியும் கர்ப்பமானார். 1905 ஜூலையில் நியூயார்க்கை வெப்ப அலை வாட்டியது. சுமார் 38 டிகிரி செல்சியஸ் வெயில். அந்த மாசக் கடைசியில் பிறந்த குழந்தைதான் கிளாரா.

அதாவது மூணே வருஷத்தில் மூணு பிரசவம், இரண்டு சாவு. கல்லறையில் உள்ள 1907-ஐ நம்பினால், நடுவில் மூணு வருஷ இடைவெளி வந்துவிடும். அந்தத் தாய் பட்ட பாடு காகிதத்திலிருந்தே மறைந்துபோகும்.

1900, 1910 கணக்கெடுப்புகளில் பெண்களிடம் ஒரு கேள்வி தனியாகக் கேட்கப்பட்டது. மொத்தம் எத்தனை குழந்தை பெற்றீர்கள், அதில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் அது. பெயர் நிலைக்காமல் போன குழந்தைகளைத் தேடுறவங்களுக்கு அந்த இரண்டு கட்டங்கள் பெரிய துணை.

18 வருஷம், 14 வீடு

1905 முதல் 1923 வரை இந்தக் குடும்பம் 14 முகவரிகளில் வாழ்ந்தது. சராசரியாக 15 மாசத்துக்கு ஒரு வீடு. பெரும்பாலும் புரூக்ளினின் பிராஸ்பெக்ட் ஹைட்ஸ் பகுதியிலேயேதான் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அப்பா அடிக்கடி வீட்டில் இருப்பதில்லை.

இப்படி வீடு மாறும் குடும்பத்தை 10 வருஷத்துக்கு ஒருமுறை வரும் கணக்கெடுப்பை மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது. இடையில் உள்ள வருஷங்களுக்கு, பெயர், தொழில், தெரு எல்லாம் அச்சிடும் நகர முகவரிப் புத்தகங்கள்தான் கைகொடுக்கும்.

அம்மாவின் நோய்

சாரா 16 வயதில் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயம்பட்டவர். பின்னாளில் வலிப்பும் மனநோயும் சேர்ந்து வந்தன. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சின்ன வயசிலேயே கிளாரா தலையில் விழுந்தது.

1921-ல் ஒரு சினிமாப் பத்திரிகைக் குழுமம் நடத்திய நடிப்புப் போட்டியில் கிளாரா ஜெயித்தார். மகள் நடிகையாவதை சாரா கடுமையாக எதிர்த்தார். 1922-ல் ஒரு நாள் இரவு கண் விழித்துப் பார்த்தால், கையில் கத்தியோடு அம்மா! சில நாளில் சாரா மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். 1923 ஜனவரி 5 அன்று இறந்தார்.

அப்போது கிளாராவுக்கு வயசு 17. கல்லறைக் கணக்குப்படி பார்த்தால் 15. முதல் படத்தில் நடித்தவர் 16 வயசுப் பெண்ணா, 14 வயசுச் சிறுமியா என்பதையும் அந்த ஒரு எண்தான் முடிவு செய்யுது.

ஆவணங்கள் கடைசியில் சொல்வது என்ன?

1928-ல் 'போட்டோப்ளே' பத்திரிகையில் கிளாரா தன் வாழ்க்கையைத் தொடராகச் சொன்னார். மற்ற நட்சத்திரங்களுக்குப் பாலைவனமும் அரண்மனையும் ஜோடிக்கப்பட்ட காலத்தில், இவர் வறுமையையும் அம்மாவின் நோயையும் வெளிப்படையாகப் பேசினார். ஹாலிவுட் பெரிய மனிதர்களுக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது.

பிறகு ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது கிடைத்ததும் அதே படம்தான்: ஏழைக் குடும்பம், இறந்த குழந்தைகள், மாறிக்கொண்டே இருந்த வீடு, நோயாளி அம்மா. ஆவணத்தோடு ஒத்துப்போகாதது வயசு மட்டும்தான்.

ஆக, கிளாரா போ மறைந்தபோது அவருக்கு வயசு 60. கல்லறைக் கல்லோ இன்னமும் 58-ன்னுதான் கணக்குச் சொல்லிட்டு இருக்கு.