நுரைச்சோலை மணல் புகட்டும் பாடம்

நுரைச்சோலை என்றதும் 2011இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையமே பலருக்கு நினைவில் எழும். ஆயினும், அங்குள்ள மணல் தோட்டங்களில் விளையும் மிளகாயும் சின்ன வெங்காயமும் மரக்கறிகளும் நம் அடுக்களைக்கு வருகின்றன என்பதை மறத்தல் ஆகாது.

மணல் நீரைத் தாங்கி நிற்பதில்லை. ஆதலால் தோட்டக்காரர் அடிக்கடி நீர் இறைக்கின்றனர். பசளையும் மிகுதியாக இடுகின்றனர். பயிர் உண்டது போக எஞ்சியது நீரோடு கீழிறங்கிக் கிணற்றில் கலக்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த நைத்திரேற்று எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கற்பிட்டிக் குடாநாட்டுக் கிணறுகள் பல அவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் கண்டுள்ளன. அந்நீரில் பால்மா கரைத்து ஊட்டினால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றும். தோட்டத்தில் நேரும் பிழை முதலில் வந்து சேருமிடம் தோட்டக்காரர் வீட்டுத் தொட்டிலே!

இதற்கு வழி இல்லாமலில்லை. விவசாயத் திணைக்களம் 'நல்ல விவசாய நடைமுறை'ச் சான்றிதழ் வழங்குகிறது. இட்ட பசளையையும் தெளித்த கிருமிநாசினியையும் நாள் குறித்து எழுதிவைத்தல், தெளித்தபின் சுட்டுத்துண்டில் கண்ட நாள்கள் கழியும்வரை அறுவடையைத் தள்ளிவைத்தல், விளைந்ததைத் தூய நீரிற் கழுவுதல் ஆகியன அதன் முக்கிய விதிகள்.

சந்தையில் விலை ஏறிய நாளிற் காத்திருத்தல் எளிதன்று. அவ்வாறு காத்திருந்தவருக்குச் சற்றுக் கூடிய விலை கொடுத்து வாங்குவது நம் கடமை. கற்ற பிள்ளைகளுக்கும் ஒரு கடமை உண்டு: தந்தையின் தோட்டப் பதிவேட்டை நாள்தோறும் எழுதிக் கொடுங்கள். உங்கள் கல்வியின் பயன் முதலில் உங்கள் கிணற்றிலேயே தெரியட்டும்.