மார்க்கரில் இருக்கும் அற்ககோல்

சென்ற நோன்புப் பெருநாளைக்கு வாழ்த்து அட்டைகள் செய்யலாம் என்று வாப்பாவிடம் கேட்டு ஒரு பெட்டி நிற மார்க்கர் வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு நிறங்கள். பெட்டியின் பின்புறத்தில் இருந்ததைத் தம்பி ஒவ்வொரு சொல்லாக வாசித்துக்கொண்டு வந்தான். "அல்கஹோல்" என்ற சொல் வந்ததும் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த மூத்தம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"தொழுற வீட்டுக்குள்ள சாராயச் சாமானா புள்ள?"

பெட்டி அன்றே வெளித் திண்ணைக்குப் போய்விட்டது. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் எனக்கு அற்ககோலின் தாக்கங்களைச் சமன்பாடாக எழுதத் தெரியும். ஆனால் மூத்தம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் மார்க்கருக்குள் அற்ககோலுக்கு என்ன வேலை என்று பார்ப்போம். மை என்பது நிறமும் அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவமும் சேர்ந்ததாகும். சிறு வயதில் நாம் பிளட்டினம் பேனை என்று அழைத்த நிறப் பேனைகளில் அந்தத் திரவம் நீர். இந்த மார்க்கர்களில் அது அற்ககோல். மருதமுனையில் நெசவுக்கு நூல் சாயமிடுவதை நினைத்துப் பாருங்கள். நீர் சாயத்தை நூலுக்குள் கொண்டுபோய் விடுகிறது. பிறகு வெயிலில் நீர் போய்விடுகிறது, சாயம் நிற்கிறது. மார்க்கரிலும் இதுவே நடக்கிறது. அற்ககோல் நிறத்தைத் தாளுக்குள் கொண்டு சேர்த்துவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடும். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். எதனோல் ஏறத்தாழ 78 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் கோடு போட்ட சில விநாடிகளில் தாள் காய்ந்துவிடுகிறது.

நீர்ப் பேனையால் ஒரே இடத்தில் இருமுறை தேய்த்தால் தாள் ஊறி உரிந்து வரும். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடமெல்லாம் வரிவரியாகத் தெரியும். தாளின் நார்கள் நீரை உறிஞ்சிப் பருப்பதே அதற்குக் காரணம். அற்ககோல் நார்களை அந்தளவுக்குப் பருக்கச் செய்வதில்லை. அதோடு புதிதாக இடும் கோடு, முன்பு இட்ட சாயத்தையும் சற்றுக் கரைத்துத் தன்னோடு கலந்துகொள்கிறது. அதனால் வரி தெரியாமல் நிறம் ஒரே சீராகப் பரவுகிறது. பூவிதழின் நடுவில் கடும் சிவப்பும் ஓரத்தில் இளஞ்சிவப்பும் வர வேண்டுமானால், முதலில் இள நிறத்தை இட்டு, கடும் நிறத்தை அதன்மேல் இட்டு, இரண்டும் சேரும் இடத்தில் மீண்டும் இள நிறத்தால் தடவ வேண்டும்.

இந்த வகை மார்க்கர்களில் பெயர் பெற்றது ஜப்பானின் கொப்பிக். 1987 இல் வெளிவந்தது. போட்டோப் பிரதியில் உள்ள கருங்கோட்டைக் கரைக்காத மையாக அதை உருவாக்கினார்கள். 'கொப்பி' என்ற சொல்லில் இருந்துதான் அதன் பெயரும் வந்தது. இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. போல்பொயின்ற் பேனையால் படம் வரைந்து மார்க்கரால் நிறம் தீட்டினால் கோடு கரைந்து பரவிவிடும். சீருடையில் பட்ட பேனை மையை உம்மா ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எடுப்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே படத்தை வரைந்து போட்டோக் கொப்பி எடுத்து, அந்தப் பிரதியில் நிறம் தீட்டுவது நல்லது. எல்லா மார்க்கர்களும் ஒன்றல்ல. முதலில் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள்.

தாளும் முக்கியம். சாதாரணக் கொப்பித் தாளில் மை மறுபக்கத்துக்கு ஊறி, கீழே உள்ள மேசை விரிப்பிலும் பட்டுவிடும். வீட்டில் இருந்தவற்றுள் எனக்குச் சரியாக அமைந்தது பிரிஸ்டல் போட்டின் வழுவழுப்பான பக்கம்தான். அதற்கும் அடியில் ஒரு பழைய தாளை வைத்துக்கொள்வேன்.

இனி மூத்தம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அற்ககோல் என்பது ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். மதுவில் இருப்பது எதனோல். மார்க்கர்களில் எதனோலும் இருக்கலாம், புரொப்பனோலும் இருக்கலாம். புரொப்பனோல் குடிபானமே அல்ல, அது நஞ்சு. கைத்தொழிலுக்கான எதனோலிலும் குடிக்க முடியாதபடி வேறு பொருட்களைக் கலப்பது வழக்கம். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கையில் தேய்த்த தொற்றுநீக்கியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

மார்க்க ரீதியாக இதைப் பற்றி அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். நம்மைப் போல ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் அதிகமாக வாழும் இந்தோனேசியாவில், கம்ரிலிருந்து பெறப்படாத அற்ககோல் நஜீஸ் அல்ல என்று அந்நாட்டு உலமா சபை 2009 இல் தீர்ப்பளித்தது. மலேசியாவின் தேசிய பத்வாக் குழுவும் 2011 இல் இதே கருத்தைச் சொன்னது. ஆனால் அதைக் குடிப்பது ஹறாம் என்றும் சேர்த்தே சொன்னது. மாற்றுக் கருத்துடைய அறிஞர்களும் உண்டு. எனவே மனதில் ஐயம் உள்ளவர்கள் தம் ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவதே முறையாகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி சொல் பற்றியது. 'அல்கஹோல்' அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 'அல்-குஹ்ல்' என்றால் கண்ணுக்கு இடும் சுறுமா. மிக நுண்ணிய தூளைக் குறித்த அந்தச் சொல்லை ஐரோப்பியர் எடுத்து, பிறகு எந்தப் பொருளில் இருந்தும் பிரித்தெடுத்த சாரத்துக்கு வைத்து, கடைசியில் மதுச்சாரத்துக்கு மட்டும் உரியதாக்கிவிட்டார்கள். மூத்தம்மா பயந்த சொல் அவருடைய சுறுமாச் சிமிழுக்குள்ளேயே இருந்திருக்கிறது!

இதையெல்லாம் சொன்னபோது மூத்தம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது சரி புள்ள, அந்த மணத்துக்கு எனக்குத் தலை வலிக்குதே" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். ஆவியாகிப் போகும் அற்ககோல் நாம் சுவாசிக்கும் காற்றில்தான் கலக்கிறது. ஆகவே சன்னல்களைத் திறந்து வைத்து நிறம் தீட்ட வேண்டும். வீட்டில் முட்டு வருத்தம் உள்ளவர்கள் இருந்தால் அவர்கள் பக்கத்தில் வைத்துச் செய்யக் கூடாது. அந்த ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்புக்கும் நுளம்புத் திரிக்கும் தூரமாக இருங்கள். வேலை முடிந்ததும் மூடியை இறுக மூடினால் மார்க்கரும் காயாது. சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்கும் பொருளாக இதைக் கொடுக்காதீர்கள். பெற்றோர் இவற்றைக் கவனித்துக்கொண்டால் போதும், பெட்டியைத் திண்ணையில் வைக்கத் தேவையில்லை.

ஆலிம்சாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதாக மூத்தம்மா சொன்னார். என்ன கேட்டார் என்று என்னிடம் சொல்லவில்லை. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நான் செய்து கொடுத்த அட்டையை வாங்கிச் சன்னல் ஓரத்தில் வைக்கப் போனார்.

"அங்க வேணாம் மூத்தம்மா, வெயில் பட்டா இந்தச் சாயம் மங்கிப் போயிரும்" என்றேன்.

அட்டை இப்போது அவருடைய அலுமாரிக்குள், சுறுமாச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது.